மாமா சரி என்று சொன்ன சண்டை

டில்லிப் பார்லிமெண்டில் எப்படி ஓட்டுப் போடுவார்கள் என்பதை மாமா எங்கள் வீட்டு அடுக்களை வாசலில் நின்று செய்துகாட்டினார். அன்று காலைதான் ரயிலை விட்டு இறங்கியிருந்தார். குளித்துவிட்டுத் தலை துவட்டிய ஈரத் துண்டு தோளில் கிடந்தது. ஆடித்தபசு முடிந்து, திருவிழாக் கடைக்காரர்கள் பந்தல் பிரித்துக்கொண்டு போன பிறகு வந்த வெறிச்சோடிய நாட்களில் அது ஒன்று. அத்தை தோசைக்கல்லில் எண்ணெய் தடவியபடியே, "கையைத் தூக்குவீகளா?" என்று கேட்டாள். "கையெல்லாம் தூக்க வேண்டாம். சபாநாயகர் கேப்பாரு. சரிங்கிறவுக எல்லாரும் 'ஐ'ம்பாக. வேண்டாங்கிறவுக 'நோ'ம்பாக. எந்தச் சத்தம் பெருசோ அது ஜெயிச்சிட்டு" என்றார் மாமா. பிறகு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, எதிரே சபாநாயகர் உட்கார்ந்திருப்பதுபோல, "ஐ" என்றார்.

அத்தைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "சின்னப் பிள்ளை மிட்டாயைக் கண்ட மாதிரிலா இருக்கு" என்றாள். என் இடுப்பிலிருந்த மகளும் "ஐ, ஐ" என்று கத்தினாள். மாமாவும் சிரித்தார். கொஞ்சம் கழித்து, யாரிடமும் சொல்லாததுபோல, "அத்தனை பேர் சத்தத்துல என் சத்தம் எதுன்னு எனக்கே கேக்கலை" என்றார். அவர் எதற்குச் சரி சொல்லிவிட்டு வந்திருக்கிறார் என்று நாங்கள் அப்போது கேட்கவில்லை. தோசை கருகிக்கொண்டிருந்தது.

மாமா எனக்கு அம்மாவின் அண்ணன், பிறகு மாமனார். கரிவலம்வந்தநல்லூரில் வயல் இருந்தாலும், சங்கரன்கோவில் தெற்கு ரதவீதியில்தான் குடியிருப்பு. ஊரில் அவரை யாரும் பெயர் சொல்லி அழைத்து நான் கேட்டதில்லை. முதலில் சென்னைச் சட்டசபைக்கும், சுதந்திரத்துக்குப் பிறகு டில்லிக்கும் போனதால், 'மெம்பர்' என்பதே அவர் பெயராகிவிட்டது. கதர் வேட்டியை அவரே துவைப்பார். எந்தக் கேள்விக்கும் அவரிடம் பதில் இருக்கும். கிணற்றுத் தகராறானாலும் உலக விவகாரமானாலும் வலது கையால் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "இதுல குழப்பமே கிடையாதுவே" என்றுதான் ஆரம்பிப்பார். நான் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது, இந்த மனிதருக்குப் பக்கத்தில் இருந்தால் போதும், எல்லாம் விளங்கிவிடும் என்று நினைத்தேன்.

விளங்காத ஒன்று அந்த வீட்டுக்குள்ளேயே இருந்தது. அது அவருக்கும் அவருடைய ஒரே மகனுக்கும் நடுவே இருந்த மௌனம். ஜெர்மனி அண்டை நாட்டின் மேல் பாய்ந்து உலக யுத்தம் மூண்டபோது, வெள்ளைக்கார அரசாங்கம் நம்மை ஒரு வார்த்தை கேட்காமல் நாமும் யுத்தத்தில் இருப்பதாக அறிவித்தது. சென்னைச் சட்டசபையில் அதைக் கண்டித்துத் தீர்மானம் போட்டார்கள். மந்திரிகள் பதவியை விட்டு வெளியே வந்தார்கள். மாமா ஊருக்கு வந்து தேரடியில் நின்று, இந்தச் சண்டைக்கு ஆளும் தராதீர்கள், பணமும் தராதீர்கள் என்று பேசி ஜெயிலுக்குப் போனார். அடிபட்டவனுக்குத் துணை நிற்பது தப்பு என்று அவர் சொல்லவில்லை. பலபேர் சேர்ந்து ஒருவனைக் காப்பாற்றுவது நல்ல காரியம்தான், ஆனால் அதற்கு நம்முடைய சம்மதம் வேண்டாமா என்பதுதான் அவர் வழக்கு. அவர் அலிபுரம் ஜெயிலில் இருந்தபோது, சென்னையில் டாக்டருக்குப் படித்து முடித்த அவர் மகன், அதாவது என் அத்தான், பட்டாளத்தில் சேர்ந்து பர்மா எல்லைக்குப் போய்விட்டார். "அடிபட்டுக் கிடக்கவனுக்குக் கட்டுப்போட யார் சம்மதம் வேணும்?" என்று அத்தான் அத்தையிடம் கேட்டாராம். அத்தையிடம் கேட்டதை அப்பாவிடம் கேட்கவில்லை. மாமா விடுதலையாகி வந்தபோது மகனின் படத்தைச் சுவரிலிருந்து எடுக்கவும் இல்லை, ஏறிட்டுப் பார்க்கவும் இல்லை. எங்கள் கல்யாணத்தன்று தாலி கட்டி முடிந்ததும் அத்தான் காலில் விழுந்தபோது, "நல்லா இரு" என்ற இரண்டு வார்த்தைதான் மாமாவிடமிருந்து வந்தது. சுதந்திரம் வந்த பிறகும் அத்தான் பட்டாளத்திலேயே இருந்தார். அவர் படை இருந்த ஆக்ராவுக்கு என்னைக் கூட்டிப்போவதாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். மகள் பிறந்ததால் நான் இங்கேயே இருந்தேன்.

மாமா டில்லியில் எதற்குச் சரி சொல்லியிருந்தார் என்பது அந்த வாரம் அவர் தேரடியில் பேசியபோதுதான் எனக்குத் தெரிந்தது. பெண்கள் கூட்டத்துக்குப் போவதில்லை. ரதவீதி வீட்டின் மாடி ஜன்னலருகே நின்றால் ஒலிபெருக்கி நன்றாகக் கேட்கும். கொரியா என்று ஒரு நாடு. அது வடக்கு, தெற்கு என்று இரண்டாக நிற்கிறது. வடக்கே இருந்த படை தெற்கே இறங்கிவிட்டது. உலக நாடுகளின் சபை கூடி, இது ஆக்கிரமிப்பு, அடிபட்டவனுக்குப் பல நாடுகளும் சேர்ந்து துணை நிற்க வேண்டும் என்று சொன்னது. நம் நாடும் அதற்கு ஒத்துக்கொண்டது. பார்லிமெண்டும் அதை ஆதரித்தது. "அன்னைக்கு நம்மளக் கேக்கல, அதனால மாட்டோம்னோம். இன்னைக்கு நம்மளக் கேட்டாக. நான் ஒங்க சார்புல சரின்னு சொல்லிட்டு வந்திருக்கேன். இதுல குழப்பமே கிடையாது" என்றார் மாமா. கை தட்டினார்கள். அந்த வருஷம் மழை இல்லை. ரேஷனில் அரிசி இல்லாமல் மைலோ என்ற சீமைச் சோளம் போட்டார்கள். கை தட்டியவர்கள் எதற்குத் தட்டினார்கள் என்று எனக்குத் தெரியாது.

கூட்டம் முடிந்து பனவடலிசத்திரம் பக்கத்திலிருந்து ஒருவர் வீட்டுக்கே வந்தார். அவருடைய மூத்த மகன் பர்மா சண்டையில் போனவன், திரும்பவில்லை. அவரைப் பார்த்ததுமே மாமாவின் முகம் மாறிவிட்டது. என்ன கேட்கப் போகிறார் என்று தெரிந்ததுபோல, "அய்யா, பயப்படாதீரும். நம்ம பட்டாளம் சண்டைக்குப் போகாது. மருந்து, டாக்டர், அவ்வளவுதான். யார் பிள்ளையையும் புடிச்சிட்டுப் போகமாட்டாக" என்று அவசரமாகச் சொன்னார். வந்தவர் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். "அப்போ ஆளெடுக்கலையா? எம் ரெண்டாவது பையனைச் சேத்துவிடச் சொல்லலாம்னுலா வந்தேன். காட்டுல வெளைச்சல் ஒண்ணுமில்ல மெம்பரே. பட்டாளத்துல சோறாவது போடுவான்" என்றார். மாமா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், இறக்கினார். அத்தை கொடுத்த மோரைக் குடித்துவிட்டு அவர் போனார்.

ஐப்பசி பிறந்த சமயம் அத்தான் திடீரென்று லீவில் வந்தார். தீபாவளிக்குத்தான் வந்திருக்கிறார் என்று அத்தை முறுக்குக்கு மாவு இடிக்கச் சொன்னாள். சாப்பிட்டு முடித்ததும் அடுக்களையில் தன் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து அத்தான் சொன்னார்: "தீபாவளிக்கு இருக்க முடியாதும்மா. கொரியாவுக்கு வைத்தியப் படை ஒண்ணு போவுது. எனக்கு ஆர்டர் வந்துட்டு. பட்டாளத்துல ஆர்டர் வந்தா என்ன செய்ய முடியும், சொல்லு." அத்தை மாவுக் கையோடு அப்படியே இருந்தாள். நான் மாமாவுக்குக் காபி எடுத்துக்கொண்டு முன்கட்டுக்குப் போனேன். எனக்குப் பின்னாலேயே அத்தானும் வந்து, கொரியாவுக்குப் போவதைச் சொன்னார். மாமா பேப்பரை மடித்தார். பல வருஷங்களுக்குப் பிறகு மகனை நேராகப் பார்த்துக் கேட்டார்.

"ஏலே, நீயா பேரு குடுத்தியா?"

"ஆமாப்பா. நானாத்தான் குடுத்தேன்."

மாமா எழுந்தார். மகன் தோளில் கையை வைத்தார். வைத்த கையை எடுக்கத் தெரியாமல் நின்றார் என்றுதான் சொல்ல வேண்டும். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. நான் காபித் தம்ளரோடு நின்றேன். சற்று முன்னால்தான் அடுக்களையில் ஒன்று கேட்டேன். இப்போது முன்கட்டில் வேறொன்று கேட்கிறேன். இரண்டையும் சொன்னவர் ஒரே ஆள். இரண்டு முறையும் அவர் முகம் ஒன்றுபோலத்தான் இருந்தது. அன்றைக்கு அத்தானோடு தனியாக இருந்தபோது கேட்டிருக்கலாம். மகள் அவர் மேல் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தாள். இருக்கிற கொஞ்ச நேரத்தில் இதைக் கேட்பானேன் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் அத்தை மாமாவிடம் நேரடியாகவே கேட்டாள். அவள் அப்படிக் குரலுயர்த்தி நான் அதற்கு முன்பு கேட்டதில்லை. "ஒங்களுக்கு அங்கன தெரியாத ஆளா? மந்திரி வீட்டுல காபி குடிச்சேங்கீக. ஒரு வார்த்தை சொல்லி இவன் பேரை எடுத்துருங்க." மாமா சொன்னார்: "அவன் தானாக் குடுத்த பேரை நான் எப்படி எடுக்க?" "தானாக் குடுக்கல. ஆர்டராம். எங்கிட்ட சொன்னான்." மாமா மகனைத் தேடினார், அத்தான் குளிக்கப் போயிருந்தார். "ஆர்டராவே இருக்கட்டும்" என்றார் மாமா மெதுவாக. "அங்கன ஒக்காந்து ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சேத்துச் சரின்னு சொல்லிட்டு, எம் பிள்ளையை மட்டும் எடுங்கன்னு போய் நிக்கச் சொல்லுதியா? நான் கேக்க மாட்டேன்." அத்தை என்னைப் பார்த்தாள். நீ சொல்லேன் என்ற பார்வை. நான் மாமா முன்னால் போய் நின்றேன். "ஒங்களைக் கேட்டாக, நீங்க சரின்னு சொன்னீக. சரி மாமா. எங்களை யாரு கேட்டா?" என்றேன். மாமா பதில் சொல்ல வாயெடுத்தார். நாங்கள் ஓட்டுப் போட்டு அவரை அனுப்பவில்லையே என்பது அப்போதுதான் அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். அப்போது பொதுத் தேர்தலே வந்திருக்கவில்லை. "கேட்டிருக்கணும்ட்டீ" என்று மட்டும் சொன்னார்.

அத்தான் போனார். அத்தை கோமதியம்மன் சன்னிதிப் புற்றுமண்ணைப் பொட்டலமாகக் கட்டி அவர் பெட்டியில் வைத்தாள். டாக்டரான அவர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, எடுக்காமல் பூட்டினார். அதன் பிறகு அத்தை மாமாவிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். இலையில் பரிமாறுவாள், வெந்நீர் போடுவாள். பேச்சு மட்டும் இல்லை. முதலில் அப்பாவும் மகனும் பேசாமல் இருந்த வீட்டில் இப்போது புருஷனும் பெண்டாட்டியும் பேசாமல் இருந்தார்கள். நான் நடுவில் நின்று இருவர் வார்த்தையையும் சுமந்தேன்.

மார்கழியில் பேப்பர் படிப்பதே பயமாகிவிட்டது. சீனப் படை எல்லையைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது. தெற்கைக் காப்பாற்ற வந்து வடக்கே எல்லை தாண்டிப் போயிருந்த பல நாட்டுப் படைகளும் பின்வாங்குகின்றன. அந்தப் பின்வாங்கலில் அத்தான் எங்கே இருந்தார் என்று எங்களுக்குத் தெரியாது. கடிதம் இல்லை. தபால்காரர் எங்கள் வீட்டைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொண்டு போவார். அப்போதுதான் இரண்டாவது விவகாரம் வந்தது. இப்போது உள்ளே வந்தவனையும் ஆக்கிரமிப்பாளன் என்று உலக சபை அறிவிக்க வேண்டும் என்றார்கள். நம் நாடு வேண்டாம் என்றது. அப்படிப் பெயர் சூட்டிவிட்டால் சமாதானம் பேச வழி அடைபட்டுவிடும் என்பது காரணம். மாமா அப்போது ஊரில் இருந்தார். பேப்பரை வாசித்துவிட்டு, "சரிதான்" என்றார். ஆனால் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றவில்லை. நான் பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருந்தேன்.

"மாமா, முதல்ல வந்தவன் செஞ்சது ஆக்கிரமிப்பு. இப்போ வந்தவன் செய்றது இல்லையா?"

"அப்படியில்லட்டீ. பேசுறதுக்கு ஒரு கதவு தொறந்திருக்கணும்லா."

"முதத் தடவை அந்தக் கதவு வேண்டியிருக்கலையா?"

மாமா யோசித்தார். நியாயமாக யோசித்தார். பெண்பிள்ளைதானே என்று தள்ளிவிடவில்லை. அடிபட்டவன் பக்கம் சேர்ந்து நிற்காவிட்டால் நாளைக்கு நமக்கு யார் வருவார்கள் என்றார். சேர்ந்து நிற்கிறவர்கள் எல்லையைத் தாண்டிப் போய்விட்டால் அதற்குப் பெயர் என்ன என்று அவரே கேட்டார். முதல் சரியும் சரியாகத்தான் தெரிகிறது, இப்போதைய வேண்டாமும் சரியாகத்தான் தெரிகிறது, இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தான் என்னவோ செய்கிறது என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, "தெரியலட்டீ. எனக்கு நெசமாவே தெரியல" என்றார். அடுக்களையிலிருந்து அத்தை எட்டிப் பார்த்தாள். அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து அவளும் கேட்டதில்லை. ஒரு தம்ளர் சுக்குக் காபியை எடுத்துவந்து அவர் பக்கத்தில் வைத்தாள். "ஆறிரும், குடிங்க" என்றாள். மாதக்கணக்கில் மூடியிருந்த வாய் அதற்குத்தான் திறந்தது. அவருடைய கூட்டங்களில் ஊர் கை தட்டியதெல்லாம் எனக்கு மறந்துபோயிற்று. இது மறக்கவில்லை.

தை கடைசியில் அத்தானிடமிருந்து தகவல் வந்தது. உயிரோடுதான் இருந்தார். பொதுத் தேர்தல் வந்தபோது மாமாவை நிற்கச் சொல்லித் திருவேங்கடத்திலிருந்தும் கோவில்பட்டியிலிருந்தும் கட்சிக்காரர்கள் வந்தார்கள். "அங்கன போனா எல்லாத்துக்கும் சரின்னோ வேண்டாம்னோ சொல்லியாகணும். தெரியலைன்னு சொல்ல ஒரு சத்தம் அங்கன கிடையாதுவே" என்று சொல்லி மறுத்துவிட்டார். வந்தவர்கள் இதை அவர் தமாஷ் என்று நினைத்துச் சிரித்தார்கள். அது சரியான முடிவா என்பதில் எனக்கு இன்றும் இரண்டு மனம். தெரியவில்லை என்று ஒப்புக்கொள்ளத் தெரிந்தவர் ஒருவராவது அங்கே இருந்திருக்கலாம் என்று ஒரு நேரம் தோன்றும். அவர் வீட்டோடு இருந்ததால்தான் எங்களுக்குக் கிடைத்தார் என்று இன்னொரு நேரம் தோன்றும்.

அத்தான் திரும்பி வந்தபோது மகளுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. ஒரு காதின் ஓரம் குளிரில் கருத்துச் சுருங்கியிருந்தது. அதிகம் பேசவில்லை. மருந்து பாட்டில்கள் உறைந்துபோகும், சட்டைக்குள் போட்டுச் சூடாக்கித்தான் ஏற்ற வேண்டும் என்று ஒருமுறை சொன்னார். கூடாரத்துக்கு முன்னால் வந்து விழுகிறவர்கள் வடக்கா தெற்கா என்று கேட்க நேரம் இருக்காது, கேட்டாலும் அவர்கள் பாஷை தெரியாது என்று இன்னொரு முறை சொன்னார். ஒரு மத்தியானம், சாப்பாட்டுக்குப் பிறகு, மாமா அவரைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். நான் இலை எடுத்துக்கொண்டிருந்தேன்.

"ஏலே, ஒண்ணு கேக்கணும். நீயாத்தான் போனியா? இல்ல, அனுப்பினாகளா?"

அத்தான் சிரித்தார். "ஏம்ப்பா, அன்னைக்கே சொன்னேன்லா?"

"அன்னைக்கு ஒங்கம்மாட்ட வேறல்லா சொன்னே. நீயாப் போனேன்னா, அது ஒன் முடிவு. அனுப்பினாகன்னா, அப்போ நான்லா அனுப்பினவன். ஒங்கம்மா கேட்டப்போ பேரை எடுக்க மாட்டேன்னவனும் நான்தான்."

அத்தான் அவரை நிதானமாகப் பார்த்தார். "நானாத்தான் போனேம்ப்பா" என்றார். மாமா பெருமூச்சு விட்டார். அவர் அதை நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. அதன் பிறகு அப்பாவும் மகனும் சாயங்காலங்களில் ஒன்றாக ஆவுடைப் பொய்கைக் கரை வரை நடந்துபோக ஆரம்பித்தார்கள். என்ன பேசுவார்கள் என்று கேட்டதில்லை. சில வருஷம் கழித்து, ஒரு கோடையில், காய்ச்சலில் படுத்த மாமா எழுந்திருக்கவில்லை. மகன்தான் பக்கத்திலிருந்து வைத்தியம் பார்த்தார்.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து உறவுக்காரர்கள் ஊர் திரும்பிய பிறகு, முன்கட்டில் நானும் அத்தானும் மட்டும் இருந்தோம். இத்தனை வருஷம் கேட்காததை அப்போது கேட்டேன். இனி அந்தப் பதில் மாமாவை ஒன்றும் செய்யாது அல்லவா? "அத்தைட்ட ஆர்டர்னீக. மாமாட்ட பேரு குடுத்தேன்னீக. எது நெசம்?"

அத்தான் அடுக்களைப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார். "அம்மாவுக்கு நான் அவளை விட்டுட்டு நானாப் போகலைன்னு இருக்கணும். அப்பாவுக்கு நானாத்தான் போனேன்னு இருக்கணும்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஒனக்கு எது வேணும், சொல்லு."

யாரோ அனுப்பித்தான் போனார் என்றால், எனக்கு எல்லாமாக இருந்த மாமா சொன்ன ஒற்றைச் சொல்லும் அதில் சேர்ந்திருந்தது. அவராகவே போனார் என்றால், என்னையும் பிள்ளையையும் விட்டுவிட்டுப் போகலாம் என்று ஒரு நாள் தனியாக உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார். இரண்டில் எது வேண்டும் என்று மனசுக்குள் மாறி மாறிச் சொல்லிப் பார்த்தேன். என் முகத்தையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே பிள்ளை அழுகிற சத்தம் கேட்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன். உள்ளே யாரும் அழவில்லை.